டைட்டானியத்துக்கு யோசனை சொன்னவர்கள்

டைட்டானியத்தை வெட்டும்போது பிறக்கிற சூடு, வெட்டுப்படும் கட்டியிலும் இறங்காமல், கழன்று விழும் சுருளோடும் போகாமல், இந்தக் கட்டரைப் போடு, சூடு ஆற இந்தக் கூலண்டை ஊற்று என்று யோசனை சொன்ன ஆளைத் தேடிப்போய் அவர் உடம்பில் இறங்கத் தொடங்கிய அந்த ஐப்பசி மாதத்தில், ஆவாரம்பாளையத்தில் எங்கள் பட்டறை வீதியில் நாற்பத்தொரு பட்டறைகள் இருந்தன, ஒரு டீக்கடை இருந்தது, யோசனை சொல்லாமல் இருக்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருத்தர் இருந்தார். அவர் வசந்தாமணியின் கணவர் லோகநாதன். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் லேத் ஓட்டப் பழகியவர் என்பதால் இந்தக் கதையில் அவருக்கு ஒரு கொப்புளம்கூட வரப்போவதில்லை. அவரை இத்தோடு விட்டுவிடலாம்.

எங்கள் வீதியில் என்ன தயாராகிறது என்று பட்டறைக்காரர் சங்கத்துப் பலகையைப் பார்த்தால் பம்பு பாகங்கள், பல்சக்கரங்கள், கிரைண்டர் தண்டுகள் என்று எழுதியிருக்கும். அதெல்லாம் நாங்கள் ஓய்வு நேரத்தில் செய்வது. முழுநேரத் தொழில் யோசனை சொல்வதுதான். ஒரு பட்டறையில் மோட்டார் நின்றுபோனால் எட்டுப் பேர் போய் எட்டுக் காரணம் சொல்வோம். ஒன்பதாவதாக ஒருத்தர் வந்து மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்பார், அவரை மட்டும் யாரும் மதிக்க மாட்டோம். நானும் இதில் சளைத்தவன் இல்லை. பல்சக்கரம் வெட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன், ஆனால் எதிர்வீட்டுப் பெண்ணின் பிரசவத்துக்கே யோசனை சொன்னவன்.

வீதியின் கடைசிப் பட்டறை வசந்தாமணியுடையது. அதில், சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குகிற ஒரு சின்ன மில்லிங் மெஷின். சின்னது என்றால், கொஞ்சம் ஆழமாக வெட்டினால் முழு உடம்பும் நடுங்குகிற அளவுக்குச் சின்னது. மேசையைத் தானாக நகர்த்தும் மோட்டார் எப்போதோ செத்துப்போனதால் ஹேண்டிலைக் கையால் சுற்றித்தான் வேலையை நகர்த்த வேண்டும். அந்த மெஷினை வாங்கியது அவளும் அவள் அண்ணன் சென்னியப்பனும் சேர்ந்து. ஒன்பது வருடத்துக்கு முன்னால் சென்னியப்பன், "பொம்பளப்புள்ள மில்லிங் ஓட்டி எந்தூர்ல பொழச்சாங்க, இதை வித்துப்போட்டு டைல்ஸ் ஏஜென்சி எடுக்கலாம்" என்றார். அவள் முடியாது என்றாள். அவர் போத்தனூரில் டைல்ஸ் கடை வைத்துக்கொண்டு போய்விட்டார், அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அதற்குப் பிறகும் அவள் மெஷினை ஓட்டிப் பிழைத்தாள் என்பதை அவர் மன்னிக்கவே இல்லை. போன வருடம் பைபாஸில் ஒரு லாரி அவருடைய வலது காலை முட்டிக்குக் கீழே வாங்கிக்கொண்டு போனது. வசந்தாமணி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அரைமணி நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அவள் திரும்பி வந்தாள்.

இப்படியிருக்க ஒரு நாள் காலையில் சென்னியப்பன் மனைவி சுலோச்சனா, ஒரு வரைபடத்தையும், துணிப்பையில் நாலு உலோகக் கட்டிகளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம்.

"வசந்தி, இப்ப மாட்டியிருக்கற காலுக்கு நடுவால ஒரு இரும்பு மூட்டு இருக்குது பாரு, அது கனம். ரெண்டு தடவை புண்ணாயிருச்சு. இன்னொருக்கா புண்ணு வெச்சுதுன்னா முட்டிக்கு மேல எடுத்துப்போடோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டார். டைட்டானியத்துல செஞ்சா பாதிக் கனந்தான் வருமாம். கால் செய்யறவரு எங்கெங்கயோ சொல்லி இந்த நாலு கட்டி வாங்கியாந்தாரு. அஞ்சாவது வேணும்னா எட்டு மாசம் ஆகுமாம்."

"வேற பட்டறையே இல்லீங்களா நங்கையா?"

"பெரிய கம்பெனிக்காரங்க ஒத்தப் பீஸுக்கு மெஷினைக் குடுக்க மாட்டாங்களாம். சின்ன மெஷின்காரங்க டைட்டானியம்னு சொன்னாலே கையெடுத்துக் கும்புடறாங்க. உங்கண்ணனுக்குத் தெரியாமத்தான் வந்தேன். தெரிஞ்சா என்னையுமே செவுத்தைப் பார்த்துட்டுப் படுக்க வெச்சுருவாரு."

வசந்தாமணி கட்டியை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தாள். சரி என்றாள். அவள் சரி என்றது அடுத்த கால்மணி நேரத்தில் நாற்பது பட்டறைக்கும் தெரிந்துவிட்டது. வீதியில் இதுவரை ஒருத்தர்கூட டைட்டானியம் வெட்டியதில்லை என்பதால் எல்லோருக்கும் அதைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

டைட்டானியம் கொஞ்சம் ராங்கி பிடித்த உலோகம். தன் மேல் படுகிற சூட்டை உள்ளே விடாது, அத்தனையையும் கட்டரின் நுனிக்கே திருப்பிவிடும், நுனி கருகும். வெட்டாமல் சும்மா தேய்த்தாலோ தேய்த்த இடத்தில் அதன் தோல் இறுகிக் கல்லாகிவிடும். இவ்வளவும் உலகம் முழுக்க அது செய்வதுதான். எங்கள் வீதியில்தான் கட்டரின் நுனியோடு நிற்காமல், கட்டரை எடுத்துக் கொடுத்தவரின் நுனியையும் தேடிக்கொண்டு போனது.

முதல் யோசனை பாலமுரளியுடையது. கட்டர், டிரில், அரம் எல்லாம் விற்கிற கடைக்காரன். தன் கடையில் எது விற்காமல் தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உலகத்திலேயே சிறந்தது என்று மனதார நம்புகிற நல்ல மனிதன். தங்கக் கலரில் மேல்பூச்சு போட்ட ஒரு கட்டரைக் கொண்டுவந்து, "அக்கா, இதைப் போட்டு மூவாயிரம் சுத்துல விடுங்க, அல்வாத் துண்டு போடற மாதிரி போடும்" என்றான். அவள் அப்படியே விட்டாள். பாதி வெட்டில், அல்வா எப்படி வருகிறது என்று பார்க்க அவனே வந்து வாசலில் நின்றான். அவள் ஹேண்டிலை விட்டுவிட்டு, இரண்டு கையையும் குவித்து, "வாங்க பாலமுரளி, வாங்க, உக்காருங்க" என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் 'வாங்க'வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாசலில் ஆள் வந்து நின்றால் செய்கிற வேலையை விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பி, கையைக் குவித்து வாங்க என்று சொல்ல வேண்டும். கையை ஒரு வேலையில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் வாங்க என்றால், போய்விடு என்று அர்த்தம். கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரு வாங்க வாங்கியவர்கள் மூன்று தலைமுறைக்கு முறைத்துக்கொண்டு திரிவதை இன்றும் பார்க்கலாம். சர்க்கரை வியாதியைவிட எங்கள் குடும்பங்களை அதிகம் பிரித்தது சரியாகச் சொல்லப்படாத வாங்கதான். அதனால் வசந்தாமணி முறைப்படி சொன்னாள், டீ வரவழைத்தாள், அவன் மாமியார் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள், கேட்டு முடித்துவிட்டுத் திரும்பவும் ஹேண்டிலைப் பிடித்தாள். கட்டர் கீச்சென்று கத்தி, நுனி சிவந்து, உட்கார்ந்துவிட்டது. அதே நேரம் பாலமுரளியின் கையிலிருந்த டீ இரண்டாம் முறையாகக் கொதித்தது, சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாவும் உருகி வழிந்தன, அவன் "ஐயோ நெஞ்சு" என்று கத்திக்கொண்டு கூலண்ட் தொட்டியில் போய் உட்கார்ந்தான். கட்டி மட்டும் ஆற்றுக் கல்லாகக் குளிர்ந்து கிடந்தது.

வாய்வுக் கோளாறு என்று நான் சொன்னேன். மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது கட்டிக்கு யோசனை சொல்ல வந்தவர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் மெய்யழகன். வாழ்க்கையில் ஒரு ஹேண்டிலைத் தொட்டதில்லை, ஆனால் தொடுவதைப் பற்றி நாற்பது ஆய்வுக் கட்டுரை எழுதியவர். தங்கம் வேண்டாம், கறுப்புப் பூச்சுப் போட்ட கார்பைடு கட்டர் போடுங்கள், வேகத்தைக் கூட்டுங்கள், கூலண்டை நூறு பங்குத் தண்ணீருக்கு மூன்று பங்கு என்று கலந்தால் போதும் என்றார். வெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வசந்தாமணி கட்டரைச் சுற்ற விட்டுவிட்டுப் பதிமூன்று பேருக்கும் தனித்தனியாக வாங்க சொன்னாள். திரும்ப ஹேண்டிலைத் தொட்டதும் பேராசிரியரின் மூக்குக் கண்ணாடி மூக்கிலேயே வளைந்தது, கழுத்து டை அடியிலிருந்து கருகிக்கொண்டே மேலே ஏறியது. மாணவர்கள் நல்ல பிள்ளைகள். ஒருத்தன் உடனே வெப்பமானியை நீட்டி, "சார், நெத்தி அறுபத்தோரு டிகிரி" என்றான், இன்னொருத்தன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். அடுத்த மாதமே கட்டுரை வெளிவந்தது, ஆய்வுக்குட்பட்ட பொருள் என்ற இடத்தில் பேராசிரியர் தன் பெயரையே போட்டிருந்தார்.

அப்போதும் நாங்கள் திருந்தவில்லை. இருவருடைய யோசனையும் தப்பு, அதனால்தான் சுட்டது, சரியான யோசனை எங்களிடம் இருக்கிறது என்று சங்கத் தலைவர் ஆறுச்சாமி எழுந்தார். காசை வீணாக்குவது அவருக்கு ஆகாது. தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையே பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் அடித்தவர். "புதுக் கட்டர் எதுக்குங்க? எங்கிட்ட நாலஞ்சு தடவை சாணை புடிச்ச பழைய கட்டர் இருக்குது. கூலண்டை இப்படி வெள்ளமா ஊத்தறது நம்ம பழக்கம் இல்லை. பாட்டில் மூடில ஒரு ஓட்டை போட்டு, சொட்டுச் சொட்டா உடுங்க" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "கூடவே பிரஷ்ல கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தலைவர் யோசனை சொல்லும்போது பக்கத்தில் நிற்பவன் வாய் சும்மா இருந்தால் ஒரு மாதிரியாக இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது கட்டி வெட்டும்போது தலைவர் பட்டறைக்குள் நுழைய, வசந்தாமணி எழுந்து நின்று, சேலையைச் சரிசெய்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு வாங்க சொன்னாள். தலைவர் அல்லவா. பிறகு ஹேண்டிலைத் தொட்டாள். முனை மழுங்கிய அந்த மொட்டைக் கட்டர் வெட்டாமல் தேய்த்தது, தேய்த்த தூள் பிடித்துக்கொண்டு வெள்ளை வெளிச்சமாக எரிந்தது. நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் என்னை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு மணலை அள்ளிக் கொட்டினாள். டைட்டானியம் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அதற்குள் தலைவர் நாற்காலியை விட்டு எம்பிக் குதித்திருந்தார். நாற்காலியின் ரெக்சினில் அவர் உட்கார்ந்திருந்த வடிவம் அப்படியே கருகிப் பதிந்திருந்தது. சங்கத்தில் அதை இன்னும் வைத்திருக்கிறோம், யாரும் உட்காருவதில்லை. என் இரண்டு காதும் கொப்புளித்து, எங்கள் வீட்டில் இரண்டு நாளைக்குத் தேங்காயெண்ணெய் வாசனை.

இனிமேல் வாய்வுக் கோளாறு என்று சொல்ல முடியவில்லை. ஒத்துக்கொண்டோம். ஒத்துக்கொண்டதும் எங்கள் வீதி அந்த அதிசயத்தோடு குடும்பம் நடத்தத் தொடங்கியது. எந்த அதிசயத்தையும் மூன்று நாளைக்கு மேல் அதிசயமாக வைத்திருக்க எங்களுக்கு நேரம் கிடையாது. சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினோம்: டைட்டானியத்துக்கு யோசனை சொல்ல விரும்புவோர் எழுத்து மூலமாக, மூன்று பிரதிகளில், கையெழுத்து இல்லாமல் கொடுக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் சூட்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பது தலைவரின் கணக்கு. சோதனைக்காக ஒருத்தர் எழுதிப் பெட்டியில் போட்டார். வசந்தாமணி அதன்படி மூன்றாவது கட்டியின் ஓரத்தை லேசாகத் தொட்டதுமே, வீதியின் மறுகோடியில் கறிக்கடையில் நின்றுகொண்டிருந்த ஒருத்தரின் வேட்டி புகைந்தது. சூட்டுக்குக் கையெழுத்துத் தேவைப்படவில்லை.

இதற்கிடையில் வசந்தாமணி பட்டறையில் கொட்டிய டைட்டானியச் சுருளுக்குக் கிராக்கி வந்துவிட்டது. யோசனை சொல்பவரைச் சுடுகிற பொருள் என்றால் அதை வீட்டில் வைத்திருப்பது நல்லதுதானே. முதலில் ஒரு மருமகள் வந்து ஒரு சிட்டிகை வாங்கிக்கொண்டு போய், மஞ்சள் துணியில் கட்டிச் சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டாள். அவள் மாமியார் சாம்பாரைப் பற்றிப் பேசுவதை அன்றோடு நிறுத்தினார். மறுநாள் பதினாலு மருமகள்கள் வந்தார்கள். அதற்கும் மறுநாள் மாமியார்கள் வந்தார்கள். சுருளுக்கு உண்மையில் சமையலறையில் எந்தச் சக்தியும் இல்லை, டைட்டானியம் வெட்டுகிற யோசனையை மட்டும்தான் அது கவனித்தது. ஆனால் அதை எடுத்துச் சொன்னால் அதுவும் ஒரு யோசனை ஆகிவிடும் என்று பயந்து யாரும் சொல்லவில்லை. பாலமுரளியின் உடம்புச் சூடு முழுசாக இறங்கவே இல்லை. அந்த மழைக்காலத்தில் அவன் மனைவி பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை அவன் முதுகில் போட்டுத்தான் காயவைத்தாள். ஈரப்பதம் இல்லாமல், சுருக்கமும் இல்லாமல் வருவதாகச் சொன்னாள்.

டீக்கடை அமைதியானது. ஒருத்தர், "பையனை எந்தக் காலேஜ்ல சேர்த்தலாம்?" என்று கேட்பார். இன்னொருத்தர் வானத்தைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்பார். மோட்டார் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். எங்கள் வரலாற்றிலேயே அந்த ஒரு மாதம்தான் மோட்டார்கள் அன்றைக்கன்றே சரியாயின.

இந்த நேரத்தில் சுலோச்சனா போன் செய்தாள். காலில் மூன்றாவது தடவையாகத் தோல் சிவந்திருக்கிறது, அடுத்த வாரம் டாக்டர் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்றாள். வசந்தாமணியிடம் ஒரே ஒரு கட்டி மிச்சம். அவள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீதியின் தலைமாட்டிலிருந்து ஒவ்வொரு பட்டறையாக ஏறினாள். நாங்கள் கேட்காமலே சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள். முதல்முறையாக ஒருத்தி, கட்டரைப் பற்றியும் கூலண்டைப் பற்றியும் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லி வாசலில் நின்று கேட்டாள்.

"அண்ணனுக்கு முட்டியை எடுத்துருவாங்கோ. தெரிஞ்சவங்க ஏதாச்சும் சொல்லுங்க."

"வாங்கம்மிணி, உக்காருங்க, டீ சாப்புடுங்க" என்றார்கள் எல்லோரும், கையைக் குவித்து, முறையாக. அதற்கு மேல் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பல்சக்கரம் வெட்டுகிற எனக்கு ஒன்று தெரிந்துதான் இருந்தது, மொட்டைக் கட்டர் உதவாது, புதுசாக, கூர்மையாக இருக்க வேண்டும் என்று. காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அதற்காக எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. நாற்பது பட்டறை ஏறி நாற்பது டீ குடித்துவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

போனவள் செத்த மூன்று கட்டிகளையும், செத்த மூன்று கட்டர்களையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்து ஒரு முழு நாள் பார்த்திருக்கிறாள். கட்டர்கள் மூன்று விதமாகச் செத்திருந்தன. தங்கப் பூச்சு வேகத்தில் கருகியிருந்தது, கறுப்புப் பூச்சுத் தண்ணீராகக் கலந்த கூலண்டில் வெடித்திருந்தது, பழையது முனை மழுங்கியிருந்தது. ஆனால் மூன்று கட்டியிலும் ஒரே மாதிரி ஒரு இடம் இருந்தது, கண்ணாடியாகப் பளபளவென்று, ஒரு பிறைத் தழும்பு. அரத்தை வைத்துத் தேய்த்தாள். மற்ற இடத்தில் அரம் பிடித்தது, அந்த இடத்தில் வழுக்கியது. பேராசிரியர் வந்த கட்டியில்தான் தழும்பு அதிகப் பளபளப்பு. அதுதான் அவளை யோசிக்க வைத்தது. பதிமூன்று பேருக்கு வாங்க சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று வாயால் சொல்லிப் பார்த்தாள்.

ஹேண்டிலை விட்டுவிட்டுக் கும்பிட்ட நேரமெல்லாம் கட்டர் சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வெட்டாமல், நின்ற இடத்தில் தேய்த்திருக்கிறது. தேய்த்த இடம் இறுகியிருக்கிறது. இறுகிய இடத்தில் திரும்ப வெட்டப் போனபோது கட்டர் செத்திருக்கிறது. யோசனைகள் பாதித் தப்பு, வாங்க மீதித் தப்பு. விருந்தாளிக்கு வாங்க சொல் என்று யாரும் யோசனை சொல்லவில்லை, அது ஊர் வழக்கம். ஊர் வழக்கத்தின் சூட்டையும் சேர்த்தே நாங்கள் நாலு பேரும் சுமந்திருக்கிறோம். என் காதுக்கு இந்த விளக்கம் ஆறுதலாக இருந்தது.

அவளே முடிவு செய்தாள். பாலமுரளியின் கடைக்குப் போனாள். அவன் கட்டர்களை மேசையில் பரப்பிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நானொண்ணும் சொல்லலைங்கக்கா, நீங்களே எடுத்துக்கங்க" என்றான். மேல்பூச்சு இல்லாத, நாலு வெட்டுவாய் உள்ள, புத்தம் புது கார்பைடு கட்டர் ஒன்றை எடுத்தாள். மெஷின் சின்னது, நடுங்கும் என்பதால் கட்டரை வெளியே நீட்டாமல் குட்டையாகப் பிடித்தாள். வேகத்தை ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு இறக்கினாள். பக்கவாட்டில் அரை மில்லிமீட்டருக்கு மேல் கடிக்க விடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். கூலண்டை ஒன்பது பங்குத் தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று பால்கணக்காகக் கெட்டியாகக் கலந்து, பழைய ஏர்கூலர் மோட்டாரைத் தொட்டியில் இறக்கி, கட்டர் மேல் வெள்ளமாக விழும்படி குழாயைக் கட்டினாள். யோசனை தன்னுடையது, சுட்டால் தன்னைத்தான் சுடும் என்பதால் ஈரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே பயம் தன் கை. லோகநாதனை வாசலில் போய் நின்று உள்ளே வரச் சொல்லிப் பழகிப் பார்த்தாள். அவர் வாசலில் தலை காட்டியதுமே கை ஹேண்டிலை விட்டுவிட்டுக் குவிந்தது, கட்டின புருஷனுக்கு. இருபது தடவை பழகினார்கள், இருபது தடவையும் குவிந்தது. அதனால் வாசலில் ஒரு சங்கிலியைக் கட்டி, யாரும் வராதீர்கள் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். யாரும் வராதீர்கள் என்று எழுதியிருந்ததால் வீதியே வந்து சங்கிலிக்கு வெளியே நின்றது. எல்லோரும் அவள் கண்ணில் படாமல் பக்கவாட்டில் ஒதுங்கி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். வாசலுக்கு நேரே மட்டும் இடம் விட்டிருந்தோம்.

மத்தியானம் வரை வெட்டு நன்றாக ஓடியது. மேல்முகம் முடிந்தது, நாலு பக்கச் சரிவில் மூன்று முடிந்தது. கூலண்ட் பாலாக வழிந்தது, சின்னச் சின்னச் சுருள்கள் வெள்ளியாக வந்து விழுந்தன. அவள் நெற்றியில் வியர்வை இருந்தது, ஆனால் புகை இல்லை. நாலாவது சரிவு ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் வீதிமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சுலோச்சனா இறங்கினாள். பின்னாலேயே இரண்டு அக்குள்கட்டையை ஊன்றிக்கொண்டு சென்னியப்பன் இறங்கினார். அவரைக் கூட்டிவர அவள் என்னவெல்லாம் சொன்னாளோ தெரியாது. தன் ஒரு காலுக்காக ஆவாரம்பாளையத்தில் ஆள் மாற்றி ஆள் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் அதுவரை நம்பவில்லை போலிருக்கிறது. என் காதைப் பார்த்தார். பாலமுரளியைப் பார்த்தார். நேராக நடந்து, நாங்கள் விட்டிருந்த அந்த இடத்தில், சங்கிலிக்கு முன்னால், வாசலுக்கு நேரே வந்து நின்றார்.

ஒன்பது வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கிற அண்ணன். எங்கள் ஊரில் அவருக்கு வாங்க சொல்லாமல் விட்டால், அதற்குப் பிறகு சாவு வீட்டில்தான் பார்த்துக்கொள்ள முடியும், அதுவும் சந்தேகம். வசந்தாமணி திரும்பவில்லை. ஆனால் அக்குள்கட்டைச் சத்தம் கேட்டிருந்தாள், தரையில் விழுந்த நிழலையும் பார்த்துவிட்டாள். ஹேண்டிலைச் சுற்றுகிற கை மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. கட்டரின் சத்தம் மாறியது. கரகரவென்று வெட்டிக்கொண்டிருந்தது மெலிந்து, விசிலாக ஆரம்பித்தது. அந்த விசில் எங்கள் எல்லோருக்கும் தெரியும், மூன்று கட்டி சாகும்போது கேட்ட விசில். அவள் விரல்கள் ஹேண்டிலிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தன. நாங்கள் நாற்பது பட்டறைக்காரர்களும் அதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தால் வேகும் என்று தெரிந்து, சும்மா நின்றோம்.

"கையை எடுக்காத, அம்மிணி" என்றார் சென்னியப்பன். "வந்தது ஆரா இருந்தா என்ன. நீ ஓட்டு."

யோசனை. டைட்டானியத்துக்கு. பச்சையாக, சத்தமாக, எல்லோர் முன்னாலும். நாங்கள் அத்தனை பேரும் அவரை விட்டு நாலடி தள்ளி நின்றோம். தலைவர் ஆறுச்சாமி தன் வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். சுலோச்சனா மட்டும் நகரவில்லை, புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வசந்தாமணியின் விரல்கள் ஹேண்டிலில் திரும்ப இறங்கின. விசில் நின்றது. கரகரவென்ற சத்தம் வந்தது. அவள் சுற்றினாள், நாலு நிமிடம், ஒரே சீராக, வாசல் பக்கம் திரும்பாமல், வாங்க சொல்லாமல், வாயை இறுகக் கடித்துக்கொண்டு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கூலண்டில் விழுந்ததைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. சரிவு முடிந்தது. கட்டரை மேலே தூக்கினாள், மெஷினை நிறுத்தினாள், மூட்டுப் பாகத்தை எடுத்துத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பு எதுவும் இல்லை.

சென்னியப்பன் சங்கிலியை அக்குள்கட்டையால் தாழ்த்தித் தாண்டி, யாரும் சொல்லாமலே உள்ளே போய், எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. நாங்கள் புகையைத் தேடினோம். சட்டையில் இல்லை, காதில் இல்லை, கையில் இல்லை. அவர் குனிந்து, மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கீங்ணா சுடுது?" என்றாள் வசந்தாமணி. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பாதம்" என்றார். "இந்தப் பக்கத்துப் பாதம்."

அவள் கழுத்திலிருந்த ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல், வெறும் தரைக்கு ஒரு சாண் மேலே துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பச் சுடுதுங்களா?"

"இல்ல அம்மிணி" என்றார் அவர், துண்டை ஒதுக்கி. "இருந்துட்டுப் போகட்டும்."